1992 யூரோ கோப்பை: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, கடற்கரையில் விடுமுறையில் கிடந்த டென்மார்க் வீரர்களைக் கூப்பிட்டு வந்து ஆடவைத்தார்கள் என்கிறார்களே, நிஜமா?

பதில்: பாதிதான் நிஜம். போர் காரணமாக யூகோஸ்லாவியா மீது ஐ.நா. தடை மே 30 அன்று வந்ததும் அதை நீக்கிவிட்டு டென்மார்க்கை அழைத்தார்கள், கடைசியில் கோப்பையையும் அவர்களே ஜெயித்தார்கள். ஸ்வீடனில் போட்டி தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. ஆனால் டென்மார்க் ஒன்றும் சும்மா வந்த அணி இல்லை. தகுதிச் சுற்றில் ஒரே ஒரு புள்ளியில் முதலிடத்தைத் தவறவிட்டவர்கள், பெல்கிரேடுக்கே போய் 2-1 என்று ஜெயித்தவர்கள். முன்பே முடிவான ஒரு நட்பு ஆட்டமும் அப்போது அவர்களுக்கு இருந்தது. கடற்கரைக் கதையையே திரும்பத் திரும்பச் சொல்லி, பயிற்சியாளர் ரிச்சர்ட் மோலர் நீல்சனின் உழைப்பை மறைத்துவிடுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேள்வி: டென்மார்க்கின் நட்சத்திர வீரர் மைக்கேல் லாட்ரப் ஏன் அணியில் இல்லை?

பதில்: நீல்சனின் ஆட்டமுறை பிடிக்காமல் 1990-லேயே விலகிவிட்டார். கூடவே விலகிய தம்பி பிரையன் திரும்பி வந்தார், அண்ணன் வரவில்லை.

கேள்வி: யூகோஸ்லாவியா ஆடியிருந்தால் கோப்பை அவர்களுக்குத்தானே சார்?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். தகுதிச் சுற்றில் அவர்களுடைய முன்கள வீரர் பான்செவ் மட்டும் 10 கோல் அடித்தார், சரி. ஆனால் போபன், புரோசினெச்கி போன்ற குரோஷியர்கள் அதற்குள் அணியை விட்டுப் போய்விட்டார்கள். போஸ்னியத் தலைநகர் சரயேவோ முற்றுகையில் சிக்கியபோது, அந்த ஊர்க்காரரான பயிற்சியாளர் ஒசிம் மே மாதமே பதவி விலகினார். மிச்சமிருந்தவர்களையும் ஸ்வீடனில் இறங்கிய பிறகு திருப்பி அனுப்பினார்கள். அந்த அணி போர் தொடங்கியபோதே உடைந்துபோனது.

கேள்வி: டென்மார்க் நடுக்கள வீரர் வில்ஃபோர்ட் போட்டிக்கு நடுவில் ஊருக்குப் போனாராமே?

பதில்: ஆமாம். அவருடைய சின்ன மகளுக்கு ரத்தப் புற்றுநோய். பிரான்சுடனான ஆட்டத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனார். அப்புறம் திரும்பி வந்து, கோதன்பர்க் இறுதியாட்டத்தில் 78-ஆம் நிமிடம் இடது காலால் தாழ்வாக அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. ஜெர்மனிக்கு எதிராக 2-0. சில வாரங்களில் மகள் இறந்துவிட்டாள். அந்த கோலுக்கு முன் பந்து கையில் பட்டதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பட்ட மாதிரித்தான் தெரிகிறது, நடுவர் ஃபவுல் கொடுக்கவில்லை.

கேள்வி: கோல்கீப்பருக்குப் பின்பாஸ் கொடுக்கும் விதி இந்த அணியால்தான் மாறியதா?

பதில்: இல்லை. 1990 உலகக் கோப்பை அவ்வளவு மந்தமாகப் போனதுதான் முக்கியக் காரணம். சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தை கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்ற முடிவு முன்பே எடுத்தாயிற்று, இந்தப் போட்டி முடிந்த பிறகு அமலுக்கு வந்தது. ஜெர்மனி நெருக்கும்போதெல்லாம் பந்து டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேலிடம் திரும்பும், அவர் கையில் எடுத்துக்கொள்வார். பழைய விதியை முழுசாகப் பயன்படுத்தினார்கள், தப்பே இல்லை.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

பதில்: நெதர்லாந்துடன் அரையிறுதி. ஹென்ரிக் லார்சன் இரண்டு கோல், கடைசி நேரத்தில் ரைக்கார்ட் சமன் செய்வார். பெனால்டியில் வான் பாஸ்டன் அடித்ததை ஷ்மைக்கேல் தடுப்பார். ஹென்ரிக் ஆண்டர்சனின் முழங்கால் சில்லு உடையும் இடம் மட்டும் பார்க்கச் சங்கடமாக இருக்கும், அதைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.