கணினியைத் திறந்தால் கோப்புகள் எதுவும் இல்லை: என்ன செய்வது?

கேள்வி: விண்டோஸில் என் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனால் டெஸ்க்டாப் காலியாக, புதுக் கணினி போல இருக்கிறது. தற்காலிக புரொஃபைலில் (உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் அடங்கிய தொகுப்புக்குப் பதிலாக வரும் தற்காலிகத் தொகுப்பு) நுழைந்திருப்பதாக ஓர் அறிவிப்பும் வருகிறது. கோப்புகள் எல்லாம் அழிந்துவிட்டனவா?

பெரும்பாலும் அழிந்திருக்காது. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளே அதன் பெயராக இருக்கலாம். அதற்குள் டெஸ்க்டாப் காலியாக இருந்தாலும் பதற வேண்டாம், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளும் பாருங்கள்.

உங்கள் அமைப்புகளை வைத்திருக்கும் 'என்டியூசர்' கோப்பை விண்டோஸால் திறக்க முடியாதபோது, 'டெம்ப்' என்ற தற்காலிக ஃபோல்டரைக் கொடுத்து உள்ளே விடுகிறது. சைன் அவுட் செய்ததும் அது நீக்கப்பட்டுவிடும். ஆகவே இப்போது அந்த டெஸ்க்டாப்பில் எதையும் சேமிக்காதீர்கள்.

முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் வேண்டாம்: சீக்கிரம் திறப்பதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினியில் ஷட் டவுன் முழுமையாக நடப்பதில்லை. ஆன்டிவைரஸ் அந்த என்டியூசர் கோப்பைப் பிடித்து வைத்திருந்ததுதான் காரணம் என்றால், இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லையா? விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட் வெர்ஷன், புரொஃபைல் லிஸ்ட் என்ற வரிசையில் உள்ளே போங்கள். கை வைக்கும் முன் புரொஃபைல் லிஸ்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் எடுத்து டி டிரைவிலோ பென்டிரைவிலோ வையுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்கவே கூடாது.

அங்கே எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட பெயர்கள் தெரியும். அவற்றில் இரண்டு ஒரே எண்ணாக, ஒன்றின் முடிவில் மட்டும் புள்ளியும் பி, ஏ, கே என்ற எழுத்துகளும் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் கிளிக் செய்து வலப்பக்கம் 'புரொஃபைல் இமேஜ் பாத்' என்ற வரியைப் பாருங்கள். வால் ஒட்டியதில் உங்கள் பழைய ஃபோல்டரின் பாதை இருக்க வேண்டும். வால் இல்லாதது பெரும்பாலும் டெம்ப்பைக் காட்டும். முதலில் வால் இல்லாததன் பெயரோடு 'ஓல்ட்' என்று சேர்த்துவிடுங்கள். பிறகு மற்றதிலிருந்து வாலை நீக்குங்கள். ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது என்பதால் வரிசையை மாற்றினால் நடக்காது. வால் ஒட்டியது மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்த வாலை மட்டும் நீக்கினால் போதும். வாலை நீக்கிச் சரிசெய்த பெயரைக் கிளிக் செய்து, வலப்பக்கம் 'ஸ்டேட்', 'ரெஃப் கவுன்ட்' இருந்தால் இரண்டையும் 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மறுபடியும் அதே கதை என்றால் அந்த என்டியூசர் கோப்பே கெட்டிருக்கலாம். சி டிரைவின் பிராப்பர்டீஸில் டூல்ஸுக்குப் போய் செக் கொடுத்து டிஸ்கைச் சோதியுங்கள். பிறகு செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியில் புதுக் கணக்கு தொடங்கி, அதை அட்மினிஸ்ட்ரேட்டராக மாற்றி, ஒருமுறை அதில் லாகின் ஆகுங்கள். அதன்பின் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஆகியவற்றைப் பழைய ஃபோல்டரிலிருந்து காப்பி செய்யலாம். அனுமதி இல்லை என்று வந்தால் கன்டின்யூ கொடுங்கள். முழு ஃபோல்டரையும் அப்படியே அள்ளிப் போட்டுவிடாதீர்கள்: என்டியூசர் என்று தொடங்கும் கோப்புகளும் கூடவே வந்தால் பழைய கோளாறும் சேர்ந்தே வரும். குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. ஃபோல்டரைக் காப்பி செய்தாலும் அவை திறக்காது. பிரவுசர் கணக்கில் சேமித்துவைக்கும் சிங்க் வசதியை வைத்திருந்தால் அதன் வழியாகத் திரும்பக் கிடைக்கும்.

பழைய கணக்கை உடனே நீக்காதீர்கள். செட்டிங்ஸில் அதை நீக்கும்போது அதன் ஃபோல்டரும் சேர்ந்தே போய்விடும். எல்லாக் கோப்புகளும் புதுக் கணக்கில் திறக்கின்றன என்று உறுதியான பிறகு நீக்கிக்கொள்ளலாம்.