இரண்டாவது இரவுச் சாப்பாடு

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 34. பாரிமுனைப் பகுதியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், வீடு குரோம்பேட்டையில். சிறு வயதிலிருந்தே தெருக்கடைச் சாப்பாட்டில் எனக்கு ஆசை அதிகம். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன்னால் கடைத்தெருவைத்தான் தேடுவேன். கடந்த ஓராண்டாக, வேலையில் மனம் நொந்த நாள்களில் எல்லாம் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு தட்டு அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) இரண்டு முட்டை மசாலாவும் சாப்பிட்ட பிறகே ரயில் ஏறுகிறேன். வாரத்தில் மூன்று நாளாவது இப்படி ஆகிவிடுகிறது. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டால், இரவு ஏழரைக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் வரை இரண்டு தேநீர் மட்டும்தான். வீட்டில் அத்தை எனக்காகச் சாப்பிடாமல் காத்திருப்பார். வெளியில் சாப்பிட்டதைச் சொல்லத் தயங்கி, அவருடன் உட்கார்ந்து மறுபடியும் சாப்பிடுகிறேன். இரவெல்லாம் நெஞ்செரிச்சல்; ஆறு கிலோ எடை கூடிவிட்டது. சென்ற வாரம் என் கைப்பேசியில் பணம் செலுத்திய விவரங்களைப் பார்த்த கணவர், "இது ஒரு வியாதி" என்றார். தெருச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குரோம்பேட்டை

பதில்: அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும், அத்தையின் எதிரே உட்கார்ந்து நிறைந்த வயிற்றில் நீங்கள் போட்டுக்கொண்ட அந்தச் சோற்றில்தான் என் மனம் போய் நின்றது. நெஞ்செரிச்சலுக்கும் எடைக்கும் நீங்கள் தெருக்கடையைக் காரணமாகச் சொல்கிறீர்கள். எனக்கோ, ஒரே இரவில் இரண்டு முறை சாப்பிடுவதே பெரிய காரணமாகப் படுகிறது. முதல் சாப்பாட்டுக்குப் பசியும் இருந்தது, ஆசையும் இருந்தது. இரண்டாவது சாப்பாட்டுக்கு, முதலாவதை மறைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. ஆகவே, முதலில் மறைப்பதை விடுங்கள். அத்தோவை விடுவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.

மனம் நொந்த நாள்களில் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரிகளிலேயே, பன்னிரண்டரையிலிருந்து ஏழரை வரை இரண்டு தேநீரைத் தவிர வயிற்றுக்குள் எதுவும் போவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏழு மணி நேரம், அம்மா! கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே ஏழு மணி நேரம் வெறும் தேநீரோடு இருந்த எவருக்கும், தெருவில் பூண்டு வறுபடும் வாசனை வந்தால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். இதை மனக்கோளாறு என்று சொல்வதற்கு முன்னால் பசி என்று சொல்லிப் பார்க்க வேண்டும். மேலதிகாரி கடிந்துகொண்ட நாளில் மதியச் சாப்பாட்டையும் பாதியில் மூடி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அன்றைய துயரமும் பசியும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, எது எது என்று உங்களுக்கே பிரித்துப் பார்க்க முடிவதில்லை. நாளை முதல் நாலரை மணித் தேநீரோடு ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, இரண்டு வாழைப்பழமோ சாப்பிடுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்த பிறகும் ஏழரை மணிக்கு அதே வேகம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பாதி நாள்களில் ஒரு முட்டை மசாலாவே போதும் என்று தோன்றும் என்பது என் எதிர்பார்ப்பு.

மனம் சோர்ந்தபோது உங்களுக்கு அத்தோ ஆறுதல் தருகிறது என்பதில் எனக்கு வியப்பே இல்லை; அது பிறந்த கதையே அப்படிப்பட்டது. பர்மாவில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள், 1962இல் அங்கு ராணுவ ஆட்சி வந்து கடைகளும் தொழில்களும் நாட்டுடைமை ஆனபோது, வீட்டையும் வியாபாரத்தையும் விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அரசு அவர்களில் பலரை வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியமர்த்தியது. பிழைப்புக்காக 1969இல் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது. பர்மிய மொழியில் 'தௌக்' என்றால் கையால் பிசைந்து கலப்பது. அதிலிருந்து வந்த பெயர்தான் நம் அத்தோ. சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட ஊரில் வந்து இறங்கிய பிறகும் அவர்களுடைய நாக்கு ரங்கூனையே தேடியது. அந்தத் தேடலுக்குச் செய்துகொண்ட உணவு இன்று நம் எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. பர்மாவில் மீனும் அரிசி நூடுல்ஸும் சேரும் மொய்ங்கா, இங்கே பெரும்பாலும் வாழைத்தண்டு மிதக்கும் சூடான சூப்பாக மாறி அத்தோவின் பக்கத்தில் வந்து நிற்கிறது. வீடிழந்தவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்ள உண்ட உணவை, நாள் முழுதும் ஏச்சுக் கேட்ட ஒரு பெண் ரயில் ஏறுவதற்கு முன் நின்று உண்கிறாள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் தாயார் மறைந்த மாதத்தில் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் தவிர வேறெதுவும் என் தொண்டையில் இறங்கவில்லை. அதை யாரும் வியாதி என்று சொல்லவில்லை, வீட்டுச் சாப்பாடாக இருந்த ஒரே காரணத்தால்.

சுத்தம் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை; ஆனாலும் உங்கள் கணவர் கேட்பார், கேட்க வேண்டியதும்தான். அத்தோவில் அடுப்பு கடைசி நேரத்தில் வேலை செய்வதில்லை என்பதை முதலில் நினைவில் வையுங்கள். வேகவைத்து ஆறவைத்த செம்மஞ்சள் நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு வறுத்த எண்ணெய், நொறுக்கிய பேஜோ தட்டை எல்லாம் கையாலேயே பிசையப்படுகின்றன. வெந்த மாவுப் பண்டம் வெளிச்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால், மறுபடி சூடாக்கினாலும் அழியாத நச்சை உண்டாக்கும் கிருமிகள் அதில் பெருகக்கூடும். எனவே எட்டு மணிக்கு மேல் அடிச்சட்டியில் மிஞ்சியிருக்கும் நூடுல்ஸைத் தவிர்த்து, கூட்டம் நிறைந்து தட்டுகள் வேகமாகக் கைமாறும் நேரத்தில் சாப்பிடுவது நல்லது. கூட்டமுள்ள கடையில் எந்தப் பண்டமும் நெடுநேரம் காத்துக் கிடப்பதில்லை. பிசைகிறவர் கையுறை அணிந்திருக்கிறாரா என்பதைவிட, அதே கையால் ரூபாய் நோட்டையும் வாங்குகிறாரா என்பதைப் பாருங்கள். பணம் வாங்கவும் தட்டு எடுக்கவும் தனி ஆள் நிற்கும் கடையே என் கடை. மனம் ஒப்பாத நாளில் கல்லில் வதக்கித் தரும் அத்தோ ஃப்ரை கேளுங்கள். சூப் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும், வெதுவெதுப்பாக இருந்தால் வேண்டாம். வழியில் பஜ்ஜியும் உண்டென்றால் எண்ணெயின் நிறத்தைக் கவனியுங்கள். பண்டம் போடுவதற்கு முன்னாலேயே புகையும் கறுத்த எண்ணெய் பலமுறை கொதித்தது. அச்சிட்ட செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், மை உணவில் இறங்கும். அதில் உணவைப் பொதியக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது.

என்னை ஒருமுறை மூன்று நாள் படுக்கையில் கிடத்தியது ஒரு குவளை சர்பத். வேலை நிமித்தம் மதுரையில் இருந்த ஆண்டுகளில், மாசி வீதிகளில் பொழுது சாய்ந்த பிறகு முள்ளுமுருங்கை வடையும், கருப்பட்டி மணக்கும் பருத்திப்பாலும் சாப்பிடாத வாரம் எனக்கு இருந்ததில்லை. கொதிக்கும் எண்ணெயிலிருந்தும் கொதிக்கும் பாத்திரத்திலிருந்தும் நேரே கைக்கு வந்த அவை ஒருநாளும் என்னைத் துன்புறுத்தியதில்லை. சித்திரை வெயிலில், எங்கிருந்து வந்ததென்று கேட்காமல் குடித்த பனிக்கட்டிதான் துன்புறுத்தியது. அன்றிலிருந்து தெருக்கடையில் எனக்கு இருக்கும் ஒரே கண்டிப்பு தண்ணீரும் பனிக்கட்டியும்தான். உங்களுடைய பையில் வீட்டுத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

நெஞ்செரிச்சலுக்கு வருகிறேன். புளி, மிளகாய், பூண்டு, எண்ணெய் நான்கும் சேர்ந்த ஒரு தட்டு, முக்கால் மணி நேர ரயில் பயணம், அதன்மேல் சோறு, உடனே படுக்கை. எந்த வயிறும் இதைத் தாங்காது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும். இரண்டாவது சாப்பாடு நின்றாலே இது பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு காலம் தள்ளாதீர்கள். தட்டைக் கையில் வாங்கியதும் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் இருபது நிமிடம் ஆகிறது. அலுவலகச் செய்திகளைப் பார்த்தபடி ஐந்து நிமிடத்தில் விழுங்கினால் ருசியும் தெரியாது, போதும் என்பதும் தெரியாது. முட்டை மசாலாவில் அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் புளியும் கொத்தமல்லியும் அடைத்துத் தருகிறார்களே, அதை ஒரே வாயில் போடத்தான் எல்லோரும் சொல்வார்கள். போடுங்கள், ஆனால் அடுத்ததைக் கேட்பதற்கு முன் சூப்பை முழுதாகக் குடித்து முடியுங்கள்.

உங்கள் கணவர் சொன்ன 'வியாதி' என்ற சொல்லை நான் ஒதுக்கிவிடவில்லை. அளவுக்கு மீறிச் சாப்பிடுவதும், நடுவில் நிறுத்தவே முடியாமற்போவதும், பிறகு தன்மீதே அருவருப்புக் கொள்வதும் வாரத்துக்கு ஒருமுறையாவது மூன்று மாதங்களுக்குத் தொடர்ந்தால், மருத்துவர்கள் அதை உணவுண்ணும் கோளாறு என்று கருதிச் சிகிச்சை தருகிறார்கள். உங்கள் கடிதத்தில் தட்டின் அளவு எல்லை மீறவில்லை, நிறுத்தவும் முடிகிறது; ஆகவே நீங்கள் அந்த இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கடிதத்தில் எழுதாதது ஏதேனும் இருந்தால், 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வாரத்தில் மூன்று நாள் மனம் நோகும்படி ஒரு வேலை இருக்கிறது என்றால், அந்த வேலையைப் பற்றியும் யாரிடமாவது பேசத்தான் வேண்டும். அத்தோ அந்த மாலையைக் கடத்தித் தரும். மறுநாள் காலையில் அதே நாற்காலியில்தான் நீங்கள் போய் உட்கார வேண்டியிருக்கிறது.

இனி அத்தை. பசியோடு உங்களுக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம் "நான் சாப்பிட்டுவிட்டேன்" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வீட்டு வாசலில் நின்று சொல்லாமல், தட்டை வாங்குவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: "அத்தை, இன்றைக்கு நான் வெளியில் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், நீங்கள் காத்திருக்க வேண்டாம், நேரத்தோடு சாப்பிடுங்கள்." முதல் நாள் அவர் வருந்தலாம். ஆனால் மருமகள் வரும் வரை இரவு ஒன்பது மணிக்கும் மேல் பட்டினி கிடப்பது அவர் வயதுக்கும் நல்லதன்று. இந்த ஏற்பாட்டில் உங்களைவிட அவருக்கே நன்மை அதிகம். வீட்டுக்குப் போனதும் ஒரு குவளை நீர்மோரோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைய அலுவலகக் கதையைச் சொல்லுங்கள். அவர் உங்களுக்காகக் காத்திருந்தது சோற்றுக்காக மட்டும் இருக்காது.

ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை வீட்டிலுள்ள எல்லோருக்கும் அத்தோ வாங்கிக்கொண்டு போங்கள். அத்தை முட்டை சேர்த்துக்கொள்ளாதவர் என்றால் அவருடையதை முட்டை இல்லாமல் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். நூடுல்ஸைப் பிசையாமல் வாங்குங்கள். புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, தட்டை மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கேளுங்கள். பிசைந்து வாங்கினால் குரோம்பேட்டை போய்ச் சேர்வதற்குள் தட்டை நமுத்துவிடும். வீட்டில் ஒரு பெரிய பாத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டி, புளிப்பும் காரமும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, அத்தையின் கையாலேயே பிசையச் சொல்லுங்கள்.