இரண்டு நிலா, ஒரு கரை

கேள்வி: வானில் இரண்டு நிலா உள்ள உலகில் ஒரு மீனவக் கிராமம், இதுதான் என் கதை. படித்தவர்கள், 'பாம்பன் மாதிரியே இருக்கே' என்கிறார்கள். எங்கே தவறு?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: நிலாவை வானத்தில் வைத்துவிட்டுக் கடலை மறந்துவிட்டீர்கள். பாம்பன் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால்தான் தண்ணீருக்குப் பக்கத்திலேயே குடிசை போட முடிகிறது. நம் நிலாவின் அதே எடையில் இன்னொன்றைப் பாதித் தூரத்தில் வையுங்கள். அதன் ஓத இழுப்பு (கடலை ஏற்றி இறக்கும் இழுப்பு) மட்டும் நம் நிலாவுடையதைப் போல 8 மடங்கு! கடல் வற்றினால் வள்ளம் சேற்றில் சாய்ந்து கிடக்கும், நங்கூரக் கயிறு தொய்ந்துவிடும். ஏறினால் கரைக் கிணறு உப்பாகும். வீடுகள் மேட்டுக்குப் போகும். பாசி எடுக்கும் பெண்கள் கிழமையைக் கேட்க மாட்டார்கள், 'இன்னிக்கு எந்த நிலா?' என்பார்கள்.

அந்த நிலா சுமார் 9.7 நாளில் சுற்றி வரும். இரண்டும் 15 நாளுக்கு ஒருமுறை ஒரே திசையில் சேரும். அன்று பெருவற்றம், பெருவேற்றம். எழுதத் தொடங்கும் முன் 30 நாளுக்கு ஏற்றவற்ற அட்டவணை ஒன்று போடுங்கள். பலரும் முதல் அத்தியாயத்தில் நிலாவை வர்ணித்துவிட்டு, பத்தாவதில் நினைத்த நேரத்துக்குப் படகை இறக்கிவிடுகிறார்கள். வாசகர் நம்பிக்கை அங்கேதான் அறுந்துபோகிறது. அட்டவணையைக் கதையில் விளக்க வேண்டாம். கல்யாண முகூர்த்தம் அதைப் பார்த்துக் குறிக்கப்பட்டால் போதும்.