ஒரு பாட்டுக் குழுவுக்காக மொழி கற்பதா?

கேள்வி: என் மகள் ஸ்பெயினில் பில்பாவோ நகரில் மேற்படிப்பு படிக்கிறாள். அங்கே யாரோ போட்டுக் காட்டிய ஒரு பழைய ராக் குழுவின் பாட்டில் மயங்கி, அது புரிய வேண்டும் என்று வாரம் மூன்று மாலை பாஸ்க் மொழி வகுப்புக்குப் போகிறாள். ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்ஸின் தென்மேற்கு மூலையிலும் வாழும் பாஸ்க் மக்களின் மொழி அது. ஏழெட்டு லட்சம் பேர்தான் பேசுகிறார்களாம். வேலைக்கு உதவும் ஸ்பானிஷை உருப்படியாகப் படி என்றால் கோபம் வருகிறது. 'நெகு கொர்ரியாக்' என்ற அந்தக் குழு கலைந்தே பல வருடமாகிறது. தீவிரவாதிகளை ஆதரித்தவர்கள் என்றும் படித்தேன். ஒரு மாதமாக எங்களுக்குள் பேச்சு சரியில்லை. நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை, திண்டுக்கல்.

பதில்: அன்புள்ள ஐயா,

அந்தக் குழுவை நான் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். அதனால் உங்கள் மகள் எதில் மயங்கினாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை எதற்காகப் பிடிவாதம் பிடிக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

பிரான்ஸ் எல்லையை ஒட்டி, பிதாசோவா ஆற்றங்கரையில் இருன் என்றொரு ஊர். நெகு கொர்ரியாக்குக்கு முன்னோடியாக, 1984-இல் அங்கே ஃபெர்மின் முகுருசா, அவர் தம்பி இன்யிகோ, டிரம்ஸ் வாசிக்கும் ட்ரெகு அர்மெந்தாரிஸ் மூவரும் 'கொர்தாத்து' என்ற குழுவைத் தொடங்கினார்கள். லண்டனின் 'தி கிளாஷ்' குழுவைக் கேட்டு ஊறியவர்கள். பங்க் இசையின் ஆவேசமும் ஜமைக்காவின் ஸ்கா துள்ளலும் ஒரே பாட்டில் வரும். ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோ 1975-இல் இறந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. அவர் காலத்தில் பாஸ்க் மொழியைப் பள்ளியில் சேர்க்கவில்லை, பொது இடத்தில் ஒடுக்கினார்கள். தாத்தா பாட்டி பேசிய மொழி பேரப்பிள்ளைகளுக்கு வராமல் போன வீடுகள் ஏராளம். ஃபெர்மினே அந்த மொழியை வளர்ந்த பிறகு படித்தவர்தான். 1985-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் பெரும்பாலும் ஸ்பானிஷ் பாட்டுகளே இருந்தன.

அந்த ஸ்பானிஷ் பாட்டுகளே அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தன. ஸ்பெயின் முழுக்க ரசிகர்கள் இருந்தார்கள். அப்படியே போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1988-இல் 'கொல்பெஸ் கொல்பே' இசைத்தட்டை முழுக்க முழுக்க பாஸ்க் மொழியில் கொண்டுவந்தார்கள். அதே வருடம் பாம்ப்லோனாவில் கடைசிக் கச்சேரி செய்துவிட்டுக் குழுவைக் கலைத்தார்கள்.

1990-இல் அண்ணன் தம்பி இருவரும் காகி அர்கராசோ என்ற கிதார் கலைஞரோடு சேர்ந்து தொடங்கியதுதான் நெகு கொர்ரியாக். இனிப் பாஸ்க் மொழியில் மட்டும்தான் பாட்டு என்று முதல் நாளே முடிவு. பெயருக்கு நேர்ப்பொருள் 'சிவந்த குளிர்காலங்கள்'. அந்த மொழியில் சிவப்பு என்றால் கடுமை என்றும் பொருள் உண்டு. கடுங்குளிரை அவர்கள் செங்குளிர் என்பார்கள். நியூயார்க்கின் ராப், ஹார்ட்கோர், ரெக்கே எல்லாவற்றையும் அந்த மொழிக்குள் இழுத்து வந்தார்கள். கிராமத்துக்கும் தேவாலயத்துக்கும்தான் அது பொருந்தும் என்று ஒதுக்கப்பட்டிருந்த மொழியில் ராப்! 'எசான் ஒசெங்கி' என்று சொந்த இசைத்தட்டு நிறுவனமும் 1991-இல் வைத்தார்கள். 'உரக்கச் சொல்' என்று பொருள்.

உரக்கச் சொன்னதற்கு விலையும் கொடுத்தார்கள். அதே வருடம் வந்த ஒரு பாட்டு, ஸ்பெயினின் துணை ராணுவக் காவல் படையான சிவில் கார்டுக்குள் போதைக் கடத்தல் நடப்பதாகக் குற்றம் சாட்டியது. என்ரிகே ரோட்ரிகேஸ் கலிந்தோ என்ற அதிகாரி 1993-இல் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்கள் 1.5 கோடி பெசேட்டா (ஸ்பெயினின் பழைய நாணயம்) இழப்பீடு விதித்தன. இடையில் 1996-இல் குழு கலைந்தே விட்டது. 2000-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2001-இல் அதைக் கொண்டாட மட்டும் திரும்பக் கூடிப் பாடிவிட்டு மறுபடி பிரிந்தார்கள். அந்த அதிகாரிக்கோ, இரண்டு பாஸ்க் இளைஞர்களைக் கடத்திக் கொன்ற வேறொரு வழக்கில் 2000-இல் 71 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. தம்பி இன்யிகோ 2019-இல் காலமானார்.

தீவிரவாதம் பற்றிக் கேட்டீர்கள். மழுப்ப மாட்டேன். 1985 ஜூலை 7 அன்று சான் செபாஸ்டியனின் மார்த்துத்தேனே சிறைக்குள் இமானோல் லர்சாபால் என்ற பாடகர் கச்சேரி செய்தார். அது முடிந்ததும், பாஸ்க் தனிநாட்டுக்காக ஆயுதம் ஏந்திய ஈ.டி.ஏ. அமைப்பைச் சேர்ந்த இரண்டு கைதிகள் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குள் ஒளிந்து வெளியேறிவிட்டார்கள். ஒருவர் எழுத்தாளர் சர்ரியோனந்தியா. அந்தத் தப்பித்தலைக் கொண்டாடி கொர்தாத்து பாடிய 'சர்ரி, சர்ரி' இன்றும் அங்கே ஊர்த் திருவிழாக்களில் ஒலிக்கிறது. கேட்டால் கால் தானாக ஆடும். ஆனால் ஈ.டி.ஏ. 2018-இல் கலைவதற்குள் 800-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தன் பெட்டிக்குள் ஆள் இருந்தது தெரியாத இமானோல், பின்னாளில் அந்தக் கொலைகளைக் கண்டித்தார். அதற்காக மிரட்டலுக்கு ஆளாகி, சொந்த மண்ணை விட்டுப் போய், 2004-இல் வெளியூரில் இறந்தார். அவரும் பாஸ்க் மொழியில் பாடியவர்தான். அந்தப் பாட்டை நான் விரும்பிக் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் இமானோலை நினைத்து மனம் கனக்கிறது. உங்கள் மகளுக்கும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

மொழிக்கு வருகிறேன். பாஸ்க்காரர்கள் தங்கள் மொழியை 'எவுஸ்கரா' என்பார்கள். பாஸ்க்காரர் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'எவுஸ்கல்துன்'. எவுஸ்கராவை உடையவர் என்பதே அதன் பொருள். வளர்ந்தபின் கற்றவருக்கு 'எவுஸ்கல்துன்பெர்ரி', அதாவது புதிதாக அதை உடையவர் என்று பெயர். ஃபெர்மின் அப்படி ஒருவர். உங்கள் மகள் போவது போன்ற மாலை வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்த ஆயிரக்கணக்கானவர்களும் அப்படியே. அந்த வகுப்புகளுக்குப் பணம் திரட்ட 1980 முதல் 'கொர்ரிகா' என்ற தொடரோட்டமே நடக்கிறது. இரவு பகலாக, ஊர் ஊராக, ஒரு கோலைக் கை மாற்றிக்கொண்டே ஓடுகிறார்கள்.

வேலைக்கு உதவாது என்ற உங்கள் கணக்கும் முழுக்கச் சரியில்லை. பில்பாவோ இருக்கும் தன்னாட்சிப் பகுதியில் 1979 முதல் ஸ்பானிஷோடு எவுஸ்கராவும் ஆட்சிமொழி. ஆசிரியர் பணிக்கும் பல அரசுப் பணிகளுக்கும் அந்த மொழிச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதற்காக ஸ்பானிஷைக் கைவிடச் சொல்லவில்லை. அது இல்லாமல் அங்கே நாள் நகராது. அவள் அதைக் கைவிட்டதாக உங்கள் கடிதத்திலும் இல்லை. பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் தகப்பனாகக் கேளுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு. வகுப்பை நிறுத்து என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களே முதலில் கூப்பிடுங்கள். 'சர்ரி, சர்ரி' முதல் வரிக்கு என்னம்மா அர்த்தம் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கட்டும், குறுக்கே பேசாதீர்கள். பிறகு, அன்று சிறைக்குள் பாடிய அந்த மனிதர் என்ன ஆனார், தெரியுமா என்று கேளுங்கள்.