மணிக்கூடு திருத்தப் பழகப் போறன் எண்டு நிக்கிற பெடியனுக்காக ஒரு அம்மா கேட்டது

வணக்கம் அக்கா, நீங்கள் எழுதினதை வடிவா வாசிச்சன். ஏ.எல் சோதினை முடிச்ச பெடியன், தேப்பன்ர பழைய செய்கோ 5 கைமணிக்கூட்டை சேர்விஸுக்குக் குடுத்தவனாம், வந்த பிறகும் நாளைக்கு 15 செக்கன் பிந்துது எண்டு கடையில போய்ச் சண்டை பிடிச்சிட்டு இப்ப தானே பழகப்போறன் எண்டு நிக்கிறான், அவனை இதில விடலாமோ எண்டு உங்களுக்கு நித்திரை இல்லை, விளங்குது.

முதல்ல, கடைக்காரரில பிழை சொல்லேலாது. ஒரு நாளுக்கு 86,400 செக்கன், அதில 15 எண்டுறது 0.02 வீதம்கூட இல்லை. அந்த செய்கோக்களில கனக்கத்துக்கு வந்த 7எஸ்26 எண்ட மெசினுக்கு கொம்பனியே நாளைக்கு 20 செக்கன் பிந்தலாம், 40 முந்தலாம் எண்டுதான் சொன்னது. நேரம் திறமாக் காட்டுற மணிக்கூடுகளுக்குக் குடுக்கிற சுவிஸ் குரோனோமீற்றர் சான்றிதழுக்கே 4 பிந்தலாம் 6 முந்தலாம், அதுவும் 15 நாள் அஞ்சு நிலையில வைச்சுப் பாத்துத்தான் குடுக்கிறவை.

ஆனா அக்கா, நீங்கள் கடைசியில சும்மா எழுதின ஒரு வரிதான் எனக்குப் பெரிசாப் பட்டது. இரவில மேசையில படுக்க வைச்சா முந்துது, நிமித்தி வைச்சா பிந்துது எண்டு அவன் சொன்னானாமே. ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமல் அதைக் கண்டுபிடிச்சிருக்கிறான்! மணிக்கூட்டுக்குள்ள அங்கயும் இங்கயும் ஆடி நேரத்தை அளக்கிற சின்னச் சில்லுதான் பலன்ஸ் வீல். படுத்திருக்கேக்க அதின்ர அச்சு நுனியில மட்டும் சுத்தும், நிமிந்தா பக்கத்தாலயும் உரசும், அதால ஆட்டம் குறையும், நேரமும் மாறும். நல்லா சேர்விஸ் செய்த மெசினில அந்தச் சில்லு படுத்த நிலையில பொதுவா 270 பாகைக்குக் கிட்ட ஆடோணும், 200க்குக் கிட்ட நிண்டா ஊத்தையோ ஓயிலோ மணிக்கூட்டை ஓட்டுற மெயின் ஸ்பிரிங்கோ எண்டு தேடோணும், அதைத் தேடாமல் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற லீவரை மட்டும் தள்ளி நேரத்தைச் சரிக்கட்டுறது வேலை இல்லை. திடீரெண்டு நிமிசக்கணக்கில முந்தினா காந்தம் பிடிச்சிருக்கோ எண்டு பாக்கிறது.

இப்ப செய்யவேண்டியது. ஒரு கொப்பி வாங்கிக் குடுங்கோ, ரெண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில போனில பாத்து எத்தினை செக்கன், எந்த நிலையில வைச்சது எண்டு எழுதட்டும். விடாமல் எழுதினானெண்டா பின்னேரங்களில ஒரு கடையில இருத்தி விடுங்கோ. ஆனா அதை மட்டும் நம்ப வேண்டாம், எங்கட ஊரில கடையின்ர அண்டாடச் சிலவு பற்றரி மாத்திறதிலயும் மணிக்கூட்டுப் பட்டி மாத்திறதிலயும்தான் ஓடுது. அதோட சேத்து எலெக்ரோனிக்ஸிலயோ மெசின் வேலையிலயோ ஒரு என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) கோர்ஸ் செய்யட்டும், இங்கிலீசையும் விடவேண்டாம், சேர்விஸ் மனுவல் எல்லாம் அதிலதான் கிடக்கு.

இன்னொண்டு, தேப்பன்ர மணிக்கூட்டை இப்ப திறக்க விடாதேங்கோ. ஓடாத மலிவான ஒண்டை வாங்கிக் குடுங்கோ, அதைக் கழட்டிப் பூட்டி ஓடப் பண்ணட்டும்.