200 மதிப்பெண் உயருமாம்... எதிலிருந்து?

கேள்வி: மகள் எஸ்.ஏ.டி. (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு) பயிற்சிப் புத்தகத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பைப் பாதி விலையில் வாங்கியிருக்கிறாள். போதுமா?

பதில்: கணக்குப் போட்டுப் பழக உதவும், தேர்வுக்குப் பழக உதவாது. 2024 மார்ச் முதல் அமெரிக்காவில் இந்தத் தேர்வு கணினியில்தான் நடக்கிறது. நீளப் பத்திகள் போய், சின்னப் பத்திக்கு ஒரு கேள்வி என்றாகிவிட்டது. அந்தச் சமயத்தில் 'புதிய பதிப்பு' என்று அட்டையில் போட்ட ஒரு தடிப் புத்தகம் வாங்கினேன். உள்ளே பழைய காகிதத் தேர்வு. கடையில் திரும்ப எடுக்கவும் இல்லை. கான் அகாடமி என்ற இணையதளத்தில் புதிய முறைக்கே இலவசப் பயிற்சி இருக்கிறது.

கேள்வி: "200 மதிப்பெண் உயரும், இல்லையென்றால் பணம் வாபஸ்" என்ற பயிற்சி மையத்தில் மகனைச் சேர்த்தோம். 60தான் உயர்ந்தது. மூன்று வீட்டுப்பாடம் விட்டுப்போனதால் பணம் கிடையாது என்கிறார்கள்.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. இந்த உத்தரவாத வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 200 உயரும் என்றால் எதிலிருந்து? சில இடங்களில், அவர்களே வைக்கும் முதல் தேர்விலிருந்து. அதைக் கடினமாக வைத்துவிட்டால், பிள்ளை எதுவும் கற்காமலே அசல் தேர்வில் மதிப்பெண் கூடிவிடும். அப்புறம் நிபந்தனைகள்: ஒரு வகுப்பு தவறக்கூடாது, ஒரு வீட்டுப்பாடம் விடக்கூடாது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பள்ளிப் பாடமும் இருக்கிறதே, காய்ச்சலும் வருமே! பணம் தராமல் இருக்கவே எழுதிய விதிகள் இவை.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சேர்வதற்கு முன், எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் புளூபுக் செயலியில் ஒரு முழு மாதிரித் தேர்வை வீட்டிலேயே எழுதவையுங்கள். இலவசம்தான், அசல் தேர்வும் அதே செயலியில்தான். அந்த மதிப்பெண்ணையே தொடக்கமாக ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் விளம்பரம், ரசீது, வருகைப் பதிவு மூன்றையும் இணைத்து எழுத்தில் பணம் கேளுங்கள். மறுத்தால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: காலேஜ் போர்டிலிருந்து பேசுவதாகப் போன். மகள் கேட்ட பயிற்சிப் புத்தகத்துக்கு முன்பணம் என்றார்கள். பள்ளியின் பெயரைக்கூடச் சரியாகச் சொன்னதால் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டேன்.

பதில்: மோசடி. இவ்வளவு விவரம் சொல்கிறவர்களை யாருமே நம்பிவிடுவார்கள், உங்களை நொந்துகொள்ளாதீர்கள். காலேஜ் போர்டு இப்படிப் போனில் கூப்பிட்டுக் கார்டு எண் கேட்பதில்லை. உடனே கார்டை முடக்குங்கள். கிரெடிட் கார்டு பில்லில் தொகை ஏறியிருந்தால், பில் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். மோசடிப் புகார்களை வாங்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி.யிலும் புகார் பதியுங்கள்.

கேள்வி: ஏ.பி. தேர்வில் (பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி நிலைப் பாடத் தேர்வு) 5க்கு 3 வாங்கினால் எல்லாக் கல்லூரியிலும் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் (படித்து முடித்ததாகக் கணக்கு) உண்டு என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார். நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். 4 அல்லது 5 கேட்கும் கல்லூரிகள் நிறைய.

கேள்வி: மகன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான் விண்ணப்பிக்கிறான். எஸ்.ஏ.டி. வகுப்புக்கு மொத்தக் கட்டணமும் கட்டிவிட்டேன். ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. எந்த வகுப்பு நல்லது?

பதில்: பணம் கட்டிய பிறகா இந்தக் கேள்வி? அந்தப் பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. அவர்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். வகுப்பு தொடங்கவில்லை என்றால் இன்றே ரத்து செய்யச் சொல்லி எழுதுங்கள். அதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.