300 எம்பிபிஎஸ் இணைப்பு, லேன் கேபிளில் மட்டும் 95-ஐத் தாண்டவில்லையே, ஏன்?

வைஃபையில் 250-க்கு மேல் வருகிறது, அதே ரவுட்டரில் கேபிள் செருகிய கணினியில் 94, 95-லேயே நின்றுவிடுகிறது என்றால் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டுப் பயனில்லை. கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் 1000-க்குப் பதிலாக 100 எம்பிபிஎஸ் லிங்க்தான் அமைந்திருக்கிறது. அதில் கைக்கு வருவது அவ்வளவுதான்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போய் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 1000/1000 என்றிருந்தால் சிக்கல் வேறு. 100/100 என்றிருந்தால் முதலில் ரவுட்டரில் போர்ட்டை மாற்றிச் செருகுங்கள். பல ஃபைபர் பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும்தான் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றவை 100. யூஎஸ்பி லேன் அடாப்டர் போட்டிருந்தால் அதுவும் 100-க்கு மேல் போகாத 10/100 வகையாக இருக்கலாம்.

போர்ட் சரியென்றால் பெரும்பாலும் கேபிள்தான். உள்ளே எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. 100-க்கு கனெக்டரில் 1, 2, 3, 6-ஆம் இடங்களில் உள்ள நான்கு போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். ஆகவே நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வருகிறதே என்று கேபிளை யாரும் சந்தேகிப்பதும் இல்லை. நல்ல கேட்5இ (1000-ஐத் தாங்கும் வகை) கேபிள் ஒன்றை ரவுட்டரிலிருந்து நேராகக் கணினிக்குப் போட்டுப் பாருங்கள். 1000 வந்தால் சுவருக்குள் போகும் கேபிளில்தான் கோளாறு. சில வீடுகளில் ஒரே கேபிளை நாலு நாலு கம்பியாகப் பிரித்து இரண்டு அறைக்குக் கொடுத்திருப்பார்கள். அங்கே எட்டையும் சேர்த்து ஒரே இணைப்பாக்கி, முனையில் கிகாபிட் ஸ்விட்ச் (ஒரு கேபிளிலிருந்து பல கருவிகளுக்கு இணைப்புக் கொடுக்கும் பெட்டி) வைப்பதுதான் வழி.

புதிதாக கிரிம்ப் செய்தால், அதாவது கேபிள் முனையில் கனெக்டரைப் பொருத்தினால், இரு முனையிலும் இந்த வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுகிறவர்கள் உண்டு. டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் ஒரே ஜோடியாக இருக்க வேண்டிய 3, 6 இரண்டும் வெவ்வேறு முறுக்கில் போவதால் சிக்னல் ஒன்றோடொன்று கலக்கும். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளித்தோல் கனெக்டருக்குள் நுழைந்திருக்க வேண்டும். வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் வளைத்தால் சீக்கிரம் ஒடியும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் 100 என்றால் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டைத் திறந்து, அட்வான்ஸ்டில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸை ஆட்டோ நெகோஷியேஷனில் வையுங்கள். யாராவது அதை 100 ஃபுல் என்று கட்டிவைத்திருந்தால், ஆட்டோவில் இருக்கும் ரவுட்டர் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது பெறுவது மட்டும்) போய்விடும். அப்புறம் அந்த 95-கூட வராது.